பாத்துக்கலாம் என்று சொன்னதற்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருசக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத வராது என்பது ஒரு காரணம். ஒன்பதாவதோடு நின்றவன், ரசீதுக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் பெரிய காரணம் வேறு. ஒரு வழக்கைச் சாமி வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால், அப்புறம் மனுசன் அதில் கை வைக்கக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். வாயை மூடிக்கொண்டு உன் சோலியைப் பார், மிச்சத்தைச் சாமி கேட்கும் என்பார்கள். அப்படித்தான் மூடிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது மட்டும், "ஐயா கருப்பா, என் வழக்கு என்னய்யா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுத் திருநீறு பூசிக்கொள்வேன். பதில் வரவில்லை. போன மாசம் வண்டியூர் போகிற ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் அவன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கே ஒரு பேனா வாங்கிவிட்டேன்.

பேர் சொல்லப் போவதில்லை. பயம் இல்லை. பேரைச் சொல்லிச் சபித்தால் அந்தப் பேர் உள்ள மற்ற பிள்ளைகளையும் அது சுற்றும் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். முதல் இரண்டு வருசம் அவனை 'அவரு' என்றுதான் வீட்டில் பேசுவோம். "அவரு மாதிரி ஒரு தங்கமான தம்பி கெடையாது" என்று நானே சொல்லியிருக்கிறேன். இப்போது அவன். சாமியைக்கூட அவன் என்கிறோம். அந்த அவன் இல்லை இது.

மோட்டார் சைக்கிள் ஷோரூமில் சர்வீசுக்கு வருகிற வண்டியை வாங்கி, என்னென்ன குறை என்று கேட்டுக் குறித்துக்கொள்கிற வேலை அவனுக்கு. ஸ்பேனர் பிடிக்க மாட்டான். சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் நெற்றி நிறையத் திருநீறும் நடுவில் குங்குமமும் இருக்கும். வண்டியை உள்ளே உருட்டிக்கொண்டு போனால் முதலில் பெட்ரோல் டாங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். "ஒங்களுக்குச் சோறு போடுற லட்சுமிண்ணே இது" என்பான். நான் செல்லூரில் தறிக்காரர்களிடம் துண்டும் கைலியும் எடுத்து, பண்டல் கட்டி, மேலூர், கொட்டாம்பட்டி வரைக்கும் கடைகளுக்குப் போட்டு வருகிறவன். எனக்குச் சோறு போடுவது அந்த வண்டிதான். வேறெந்த ஷோரூமில் இப்படி ஒரு சொல் சொல்லுவார்கள்? அன்றைக்கே நான் விழுந்துவிட்டேன்.

அது ஃப்ரீ சர்வீஸ் காலம். ஃப்ரீ என்றால் நான் ஃப்ரீ என்றே நினைத்துப் போனேன். ஆயில், ஃபில்டர், அது என்னவோ கன்சூமபிள்ஸ் என்று ஒன்று, அதற்கு மேல் வண்டி பளபளக்கப் பூசுகிற டெஃப்லான் கோட்டிங் என்று ஒன்று. பில்லைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஃப்ரீன்னாங்க?" என்றேன்.

"ஃப்ரீதாண்ணே. வேலைக்கூலி ஃப்ரீ. நீங்க அன்னதானத்துக்குப் போனா எலை ஃப்ரீ, சோறு ஃப்ரீ, செருப்பு வைக்கிற எடத்துல ரெண்டு ரூவா குடுக்கறதில்லையா, அது மாதிரி."

சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். செருப்பு வைக்கிற இடத்தில் கொடுப்பது அன்னதானத்தை விட அதிகம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. "நம்மளை டெஃப்லான்ல முக்கி எடுத்துட்டாங்கடி" என்றேன். "வண்டியாச்சும் பளபளன்னு இருக்கா?" என்று கேட்டாள். வெளியே போய்ப் பார்த்தேன். வழக்கம்போலத்தான் இருந்தது.

இன்னொரு சர்வீசுக்குப் போயிருந்தபோது, கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருத்தர் அங்கே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வயசான ஆள், தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறுகிறார், மறுபடி போடுகிறார், மறுபடி உதறுகிறார். அவர் வண்டிக்குச் செயின் செட்டு புதுசு மாற்றி, ஹேண்டில்பாருக்கு அடியில் இருக்கிற கோன் செட்டும் மாற்றியிருந்தார்கள்.

"எவன்டா மாத்தச் சொன்னது?"

"நீங்கதாம்ப்பா சொன்னீங்க. செயின் தொங்குது, மாத்திருவமான்னு கேட்டேன். ஆகட்டும் பாப்போம்னீங்க."

"அடேய், பாப்போம்னா பாக்கறதுடா! மாத்துறதாடா? எம்மகளைப் பொண்ணு கேட்டு வந்தவன்கிட்டயும் பாப்போம்னுதான் சொன்னேன். கட்டியா குடுத்துட்டேன்?"

வெயிட்டிங் ஹாலே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே குனிந்து அந்தப் பெரியவர் காலைத் தொட்டான். "என்னைப் பெத்த அப்பா மாதிரி இருக்கீங்க. அந்தச் செயின் அத்துக்கிட்டு நாலுவழிச் சாலையில நீங்க விழுந்தா, எனக்குச் சோறு எறங்குமா? ஒங்க வாயாலதானப்பா ஆகட்டும்னீங்க."

காலைத் தொட்டவனை என்ன செய்வது? பெரியவர் அவன் தலையில் கை வைத்து, "நல்லாயிரு" என்று சொல்லி, மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார். ஆசீர்வாதத்துக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அவனுடைய வித்தை முழுக்க அதுதான். அவன் காதுக்கு 'இல்லை' என்கிற சொல் எட்டாது. நம் ஊரில் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று யார் சொல்கிறார்கள்? கடன் கேட்டு வந்தால் "பாப்போம்", நன்கொடைச் சீட்டோடு வந்தால் "பாத்துக்கலாம்", சீட்டுப் போடக் கூப்பிட்டால் "ஆகட்டும்". சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும், அது இல்லை என்பதற்கு மரியாதையான பேர் என்று. பந்தியில் போதும் போதும் என்று இலைமேல் கவிழ்ந்து மறைத்தாலும் விரலிடுக்கு வழியாகக் குழம்பை ஊற்றிவிட்டுப் போகிற ஆள் ஒருத்தன் எல்லா விசேசத்திலும் இருப்பான் இல்லையா? அது பிரியம். இவன் அதே மாதிரி ஊற்றிவிட்டு பில் போடுகிறவன்.

இனி என் கதை.

என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். குலசாமி கருப்பன் கோயிலில் முடியிறக்கி, கெடா வெட்டி, சொந்தபந்தத்துக்குச் சோறு போட வேண்டும் என்று நேர்ந்திருந்தோம். அதற்கென்று மஞ்சத்துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்து, இரண்டு வருசமாகச் சேர்த்தோம். என் மச்சான், என் வீட்டுக்காரியின் ஒரே தம்பி, வெளிநாட்டில் வெல்டிங் வேலையில் இருந்தான். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்துவது? அந்த மடிக்காகவே லீவு கேட்டு, கிடைக்காமல் சண்டை போட்டு, வாங்கிக்கொண்டு வந்திருந்தான். வந்த அன்றைக்கே பிள்ளையை மடியில் உட்கார வைத்து, "மாமன் மடி மெத்துன்னு இருக்கா, இல்ல வெல்டிங் அடிச்சது மாதிரி இருக்கா?" என்று கேட்டு ஒத்திகை பார்த்தான். அவள் "குத்துது" என்றாள். அம்புட்டுச் சிரிப்பு அன்றைக்கு வீட்டில்.

ஊர் ஊராகப் போய்ப் பாக்கு வைத்து அழைக்க வேண்டும். அதற்கு முன்னால் வண்டியை ஒரு ஆயில் சர்வீஸ் விட்டுவிடலாம் என்று போனேன். வெளியில் விட்டால் வாரண்டி போய்விடும் என்று சொல்லியிருந்தான். அதனால் அங்கேயே போனேன்.

டாங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கிக்கரை மிதித்தான். காதைச் சாய்த்துக் கேட்டான். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி முகம்.

"அண்ணே, எஞ்சின்ல ஒரு சத்தம் வருது, கேக்குதா?"

எனக்கு எஞ்சின் சத்தம் கேட்டது. எஞ்சின் ஓடினால் சத்தம் வராதா?

"கிளட்சு பிளேட்டு போயிருச்சுண்ணே. தொறந்தாத்தான் மத்தது தெரியும். ரெண்டு டயரும் வழுக்கையாயிருச்சு. பாத்துருவமாண்ணே?"

வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. ஏறப் போகிற அவசரத்தில் நான் சொன்னேன்: "பிள்ளைக்குக் காதுகுத்து இருக்கு தம்பி, பாத்துக்கலாம்."

காதுகுத்துச் செலவு தலைக்குமேல் இருக்கிறது, அதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். மதுரையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது புரியும். "சரிங்கண்ணே. பாப்பா காதுகுத்து ஜாம்ஜாம்னு நடக்கும்" என்று சொல்லிக் கைகூப்பினான்.

மறுநாள் போனேன். வண்டி புதுப் பெண்ணாட்டம் நின்றது. ரெண்டு டயரும் கறுப்பாக, புது ரப்பர் வாசனையோடு. எஞ்சினைத் திறந்து என்னென்னவோ மாற்றி மூடியிருந்தார்கள். பில்லை நீட்டினான். தொகையை எழுத மாட்டேன்; எழுதினால் சிலர் இவ்வளவுதானா என்பார்கள், சிலர் ஐயோ என்பார்கள். ஒரு கெடா, ஒரு பந்திக்கான அரிசி, சமையல்காரர் கூலி என்று எனக்கு அது தெரிந்தது.

"தம்பி, நான் பாத்துக்கலாம்னுதானே சொன்னேன்."

"ஆமாண்ணே, பாத்துட்டோம்."

"அப்புறமா பாத்துக்கலாம்னு அர்த்தம்யா!"

"அப்புறம்னு நீங்க சொல்லலையேண்ணே. காதுகுத்து இருக்கு, பாத்துக்கலாம்னீங்க. விசேசத்துக்கு நாலு ஊரு சுத்தணும், வண்டி நல்லாருக்கணும்னு சொல்றீங்கன்னு, நான் நின்னு ராத்திரியோட ராத்திரியா முடிச்சுக் குடுத்தேன். பிள்ளை விசேசம்ங்கிறதால மேனேஜர் கால்ல விழாத குறையாக் கெஞ்சி, ஒங்களுக்கு வாட்டர் வாஷ் காசக் கழிக்கச் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும் கழட்டு. பழச மாட்டு."

"கம்பெனி ஒத்துக்காதுண்ணே."

கத்தினேன். கத்த கத்த அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. கேட்கிறவர்களுக்கு நான்தான் ரவுடி மாதிரி தெரிந்திருப்பேன். பணம் கட்டாமல் வண்டி வெளியே வராது. வண்டி இல்லாவிட்டால் மறுநாள் சரக்குப் போகாது. சரக்குப் போகாவிட்டால் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டில் வந்து சொன்னபோது என் வீட்டுக்காரி, "வேணாம்னு வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல?" என்றாள்.

"முகத்துக்கு நேரா எப்படிடி சொல்றது?"

"எங்கிட்ட மட்டும் ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்றீங்க."

எழுந்துபோய், சாமி படத்துக்குக் கீழே இருந்த மஞ்சத்துணியை எடுத்துக் கண்ணில் ஒற்றி, முடிச்சை அவிழ்த்தாள். அந்த முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். அந்தச் சத்தம்தான் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. எஞ்சின் சத்தம் இல்லை.

சாமி காசு டயராகிப் போனது. காதுகுத்தைத் தள்ளிவைத்தோம். சீர் கொண்டு வருகிற மச்சானிடமே கெடாவுக்கும் காசு கேட்க எந்த முகத்தோடு போவேன்? அவனுக்கு விசயம் தெரிந்தபோது லீவு முடிந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். "எங்கிட்ட கேக்கலாம்ல மச்சான்?" என்று ஒரு தடவைதான் கேட்டான். அப்புறம், "வண்டிக்கு எண்ணெய் மாத்தப் போயி எம்மடியக் காலியாக்கிட்டீங்க" என்றான். அதற்குப் பிறகு அவனுக்கு லீவு அமையவில்லை. பிள்ளைக்கு வயசு ஏறுகிறது என்று வீட்டுக்காரியின் பங்காளி வழியில் ஒரு மாமன் மடியில் வைத்துக் காது குத்தினோம். போட்டோ அனுப்பினோம். அவன் பார்த்ததற்கான நீல டிக் வந்தது. வேறொன்றும் வரவில்லை. இப்போது ஊருக்கு வந்தால் விருந்தாளி மாதிரி வருகிறான், காபி குடிக்கிறான், போகிறான்.

மச்சான் விமானம் ஏறிய வாரம் நான் ஷோரூமுக்குப் போனேன். ஆள் கூட்டமாக இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். "எங்க கருப்பன் வாசல்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுவியா?" என்று கேட்டேன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணுவது எங்கள் பக்க வழக்கம். பொய்ச் சத்தியம் பண்ணினவன் வீட்டில் அப்புறம் விளக்கு எரியாது. வேலைக்காரப் பையன்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். அவன் முகம் வெளுக்கும் என்று பார்த்தேன்.

"எந்தக் கோயில்னு வழி சொல்லுங்கண்ணே. வெள்ளிக்கிழமை வாரேன்."

வந்தான். கோயில் இருக்கிற கண்மாய்க் கரையில் பழைய வண்டி ஒன்றில் வந்து இறங்கினான். குளித்து, வேட்டி கட்டி, கையில் பூவும் பழமும். பூசாரி எங்கள் பங்காளிதான். சூடத்தைக் கொளுத்தி வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். இன்றைக்கு இவன் தொலைந்தான் என்று நினைத்தேன்.

கருப்பனைப் பார்த்து அவன் தெளிவாகச் சொன்னான்: "ஐயா, இந்த அண்ணன்கிட்ட வேலைய எல்லாம் சொல்லி, பாத்துருவமான்னு நான் கேட்டேன். பிள்ளைக்குக் காதுகுத்து இருக்கு தம்பி, பாத்துக்கலாம்னு இவரு சொன்னாரு. அதைக் கேட்டுத்தான் செஞ்சேன். இது சத்தியம்." சொல்லிவிட்டுப் பட்டென்று அடித்தான். சூடம் அணைந்தது. கையைக்கூட உதறவில்லை.

பூசாரி என்னைப் பார்த்தார். "அந்த வார்த்தைய நீ சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன். ஆனா..."

"சொன்னியில்ல? அப்ப கருப்பன் யாரைக் கேப்பான்?"

ஒரு எழுத்துப் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. பொய் சொல்லியிருந்தால் அவனைச் சாமியிடம் விட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவன் என் வாயிலிருந்து எடுத்த சொல்லையே கொண்டுபோய் என் குலசாமிக்கு முன்னால் வைத்து, ரசீது வாங்கிக்கொண்டு போய்விட்டான். போகும்போது தட்டிலிருந்து திருநீறை எடுத்து என்னிடம் நீட்டி, "பூசி விடுங்கண்ணே, கோவம் தீந்துச்சுல்ல?" என்றான். பூசிவிட்டேன். சாமி வாசலில் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

வண்டியை எடுக்கப் போனவனிடம், "இந்த வண்டிய எங்க சர்வீஸ் விடுற?" என்று கேட்டேன். கேட்கத் தோன்றியது, கேட்டேன்.

"நம்ம தெரு முக்குல ஒரு பாய் கடை இருக்குண்ணே. ஷோரூம்ல விட்டுக் கட்டுபடியாகுமா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அதிலும் பொய் இல்லை.

அன்றிலிருந்து நான் சரக்குப் போடுகிற ஒவ்வொரு கடையிலும் சொல்லிவருகிறேன். செல்லூர் தறிப்பட்டறைகளில் சொன்னேன், கல்யாண வீடுகளில் சொன்னேன். ஷோரூமுக்குப் போனால் வாயில் ஒரே சொல்தான் இருக்க வேண்டும், வேணாம். மரியாதை பார்க்காதே. சரி, பாப்போம், ஆகட்டும், ம்ம், தலையாட்டல் எதுவும் கூடாது. மேலூர் ஜவுளிக்கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போய், அவன் "வாங்கண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டதற்கே "வேணாம்!" என்று கத்தினாராம். அவன் மிரண்டுபோய் ஒரு அடி பின்னால் வைத்தானாம். அதைக் கேட்ட அன்றைக்கு ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆனால் அது அவனுக்கு ஒரு கொசுக்கடி. ஃப்ளெக்ஸில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? வாடிக்கையாளர் மனதைப் புரிந்து சேவை செய்ததற்காகப் பதவி உயர்வாம். இனிமேல் புதுப் பையன்களுக்கு இவன்தான் பழக்கிக் கொடுப்பானாம். ஒருத்தன் பலராகப் போகிறான்.

நான் சாமி கும்பிடுகிறவன். ஒருத்தன் பிள்ளைகுட்டி நாசமாகப் போக வேண்டும் என்று கேட்க மாட்டேன். அவன் பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும், தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ளட்டும். அவனுக்கு மட்டும் ஒன்று கேட்கிறேன். ஏதோ ஒரு நாள், ஆஸ்பத்திரியோ பேங்கோ கோர்ட்டோ, அவனுக்கு ரொம்ப வேண்டிய ஏதோ ஒன்று போகிற இடத்தில், அவன் வேணாம் வேணாம் என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவன் சிரித்த முகத்தோடு, "சரிங்கண்ணே" என்று குறித்துக்கொள்ள வேண்டும். இம்புட்டுத்தான் என் வேண்டுதல். இதற்காக ஒரு கெடா நேர்ந்திருக்கிறேன். இந்தத் தடவை அந்தக் காசை வீட்டில் வைக்கவில்லை, உண்டியலிலேயே போட்டுவிட்டேன்.

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதின மாதிரியே சொல்லுங்கள். சுவையாக இருக்கட்டும் என்று அவன் என்னை அடித்தான், திட்டினான் என்று கூட்டாதீர்கள். அவன் என்னை ஒருமையில்கூடப் பேசியதில்லை. பில்லில் பொய்க் கணக்கு எழுதினான் என்று சொல்லாதீர்கள். அதில் போட்ட சாமான் எல்லாம் வண்டியில் இருந்தது. கோபத்தில் திருடன் என்ற சொல்லும் வாயில் வந்துவிட வேண்டாம். அந்த ஒரு சொல் அவன் காதில் விழுந்தால் போதும். குளித்து, வேட்டி கட்டி, பூவும் பழமுமாக மறுபடி கருப்பன் வாசலுக்கு வந்து, நான் திருடவில்லை என்று சூடத்தை அணைப்பான். அதுவும் செல்லும்.